வினிகருக்கும் எரிந்த பல்பு

அத்தியாயம் 3

சர்க்கரைத் தண்ணீரில் பல்பு எரிந்துவிட்டது. அந்தக் குற்றத்துக்காக ஒரு மனிதனை மாலை நாலு மணிக்கு வேலையை விட்டுத் துரத்தப் போகிறார்கள்.

இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணி சிரிக்காத இடத்தில் நான் சிரித்தால் எனக்கு மதியச் சாப்பாடு தள்ளிப் போகும் என்பது அனுபவத்தில் கண்டது. கப்சிப்பென்று வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். மேலதிகாரி எழுதச் சொன்ன பொய் ரிப்போர்ட்டை அவர் மேஜையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்து, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அண்ணன் வீட்டில் சமைக்கிறான். நான் மூன்று கம்பெனிகளில் என் வாயால் வேலையை இழந்து, கடைசியில் அண்ணிக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தேன். வாயை மட்டும் எங்கேயும் இழக்கவில்லை.

இப்போது நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகம். மணி ஒன்று நாற்பது. எங்களைக் கூப்பிட்டவர் பள்ளியின் தாளாளர். அவருக்குப் பரம்பரைத் தொழில் டைல்ஸ் கடை. பள்ளிக்கூடம் நடுவில் வந்தது. ஆய்வகச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் குளியலறை டைல்ஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரொம்பச் சின்ன கேஸ்மா. நாலு மணிக்கு நான் அவனை அனுப்பணும். அவன்தான் பண்ணான்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நாளைக்கு எவனும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க" என்றார் தாளாளர்.

"ரெண்டு வரிக்கு நாங்க எதுக்கு சார்? நீங்களே எழுதியிருக்கலாமே, கையெழுத்து நல்லா இல்லையா?" என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார். "நேத்து என்ன நடந்தது? முதல்லேருந்து சொல்லுங்க."

நேற்று பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க ஒரு குழு வந்திருக்கிறது. அவர்கள் முன்னால் வேதியியல் ஆசிரியர் தன் புகழ்பெற்ற பரிசோதனையைச் செய்து காட்டினார். மேஜையில் மூன்று பீக்கர். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் வினிகர். பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளை அதில் முக்கினால் பல்பு எரியும் அல்லது எரியாது. உப்பு அயனிப் பிணைப்பு, எரியும். சர்க்கரை சகப்பிணைப்பு, எரியாது. வினிகர் அமிலம், எரியும்.

"நேத்து உப்புல எரியல. சர்க்கரைல எரிஞ்சுது. குழுத் தலைவர் குபீர்னு சிரிச்சுட்டார்மா! மானம் கப்பலேறிடுச்சு. லேபிளை மாத்தி ஒட்டிட்டான் படுபாவி" என்று தாளாளர் கையை நீட்டிய திசையில், தண்ணீர்த் தொட்டியருகே ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு 'லேப் அண்ணன்'. இருபது வருட சர்வீஸ். கழுவுகிற கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அண்ணே, நீங்களா மாத்துனீங்க?" என்று அண்ணி கேட்டார்.

அவர் திரும்பினார். அண்ணியைப் பார்த்தார். பிறகு அடுத்த குடுவையை எடுத்தார். சரியான கல்லுளிமங்கன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளே வந்தவர்தான் வேதியியல் ஆசிரியர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. பல்பு எரியும்போதெல்லாம் "பளிச்!" என்று கத்துவாராம். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'பளிச் சார்'. அவருக்கு அதில் பெருமை வேறு.

"துப்பறியுறவங்களா? நல்லது. வேதியியல் தெரியுமா உங்களுக்கு?" என்று அண்ணியைக் கேட்டார்.

"கொஞ்சம் மறந்துபோச்சு சார்" என்றார் அண்ணி. அண்ணி இப்படிப் பணிந்து பேசினால் எதிராளிக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"நான் சொல்றேன். நேத்து இருந்த மூணு பீக்கரையும் அப்படியே அலமாரில பூட்டி வச்சிருக்கேன். ஆதாரம்! பாருங்க, இவன் என்ன பண்ணியிருக்கான்னு." சாவியைப் போட்டுத் திறந்து மூன்றையும் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் லேபிள். உப்பு. சர்க்கரை. வினிகர். மறுபக்கம் வெறும் கண்ணாடி.

அண்ணி ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். இரண்டு கரண்டிகளை எடுத்து, சர்க்கரை என்று எழுதிய பீக்கரிலிருந்து ஒன்றிலும், உப்பு என்று எழுதியதிலிருந்து மற்றதிலும் கொஞ்சம் ஊற்றி என் கையில் கொடுத்தார். "காட்டு."

காட்டினேன். தண்ணீர் சுண்டியது. முதல் கரண்டியில் மிச்சம் இருந்தது உருகி, பழுப்பாகி, குமிழி விட்டு, கடைசியில் கருகிப் புகைந்தது. மிட்டாய்க் கடை வாசனை ஆய்வகம் முழுக்கப் பரவியது. இரண்டாவது கரண்டியில் வெள்ளையாய்ப் படிந்தது பொட்டுப் பொட்டென்று வெடித்ததே தவிர, உருகவும் இல்லை, கருகவும் இல்லை. என் விரல்தான் சுட்டது.

"ஆ! அண்ணி, உப்பு உருகுறதுக்குள்ள நான் உருகிடுவேன் போலிருக்கே!"

"உப்பு உருக எண்ணூறு டிகிரி வேணும் தம்பி. நீ அதுக்கு முன்னாடியே போயிடுவே." அண்ணி விளக்கை அணைத்தார். "சர்க்கரைன்னு எழுதினதுல சர்க்கரைதான் இருக்கு. உப்புன்னு எழுதினதுல உப்புதான் இருக்கு. லேபிளை யாரும் மாத்தல."

தாளாளர் திருதிருவென முழித்தார். பளிச் சாரின் முகத்தில் மின்சாரம் போய்விட்டது. "அப்போ... தண்ணில ஏதாவது கலந்திருப்பான்" என்றார் சட்டென்று.

"கலந்திருந்தா சர்க்கரைல எரியலாம் சார். உப்புல எப்படி எரியாம போகும்?"

"அது... அதான் நீங்க கண்டுபிடிக்கணும்!"

ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தெரியாத கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட வேண்டும்.

அவர் வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிப் போனார். தாளாளர் நாற்காலியில் சரிந்தார். "ஏம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த அயனி, சகம்னு... ரெண்டும் ஒட்டுறதுதானே? டைல்ஸ் ஒட்டுற மாதிரி?"

"ஒட்டுற விதம் வேற சார். உப்புல ஒருத்தன் ஒரு எலக்ட்ரானைக் குடுத்துட்டான், இன்னொருத்தன் வாங்கிக்கிட்டான். அதனால ஒருத்தன் பிளஸ், ஒருத்தன் மைனஸ். அந்த இழுப்புலதான் சேர்ந்து நிக்கறாங்க. தண்ணில போட்டா பிரிஞ்சு ஆளாளுக்கு ஒரு பக்கம் திரிவாங்க. அந்தத் திரியறவங்கதான் கரண்டைத் தூக்கிட்டுப் போறாங்க."

"சர்க்கரை?"

"அங்க குடுக்கல் வாங்கல் கிடையாது. ரெண்டு பேரும் பொதுவில வச்சுப் பங்கு போட்டுக்கறாங்க. தண்ணில கரைஞ்சாலும் குடும்பமாத்தான் கரைவாங்க, உடைய மாட்டாங்க. பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. பல்புக்கு வேலை இல்ல."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க. எங்க வீட்டுல கரண்ட் பில் அதுக்காகக் குறையலையே அண்ணி" என்றேன்.

அண்ணி கண்டுகொள்ளவில்லை. "நேத்து நடந்ததை யாராவது வீடியோ எடுத்தாங்களா சார்?"

எடுத்திருந்தார்கள். வேறு யார், தாளாளரேதான். பள்ளி விளம்பரத்துக்காம். பாதி வீடியோவில் அவருடைய டைல்ஸ்தான் தெரிந்தது. மீதிப் பாதியில் பளிச் சார் மேஜைக்குப் பின்னால், மரமேடை மேல், கம்பீரமாக நின்றார். லேபிள்கள் பார்வையாளர்கள் பக்கம் திரும்பியிருந்தன. அவர் பக்கம் வெறும் கண்ணாடி.

முதல் பீக்கரில் கம்பியை முக்கினார். "பளிச்!" எரிந்தது. லேபிள்: சர்க்கரை. இரண்டாவதில் முக்கினார். "பார்த்தீங்களா, எரியாது!" எரியவில்லை. லேபிள்: உப்பு. குழுவில் சிரிப்பு. அவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமலே மூன்றாவதில் முக்கினார். "பளிச்!" வினிகர். எரிந்தது. அதற்குப் பிறகுதான் குனிந்து லேபிளைப் பார்த்தார். முகம் வெளிறியது. "எவண்டா மாத்துனது!" என்ற கூச்சலோடு வீடியோ முடிந்தது.

"பாவம்" என்றேன் மனமார.

"திரும்பப் போடு. கடைசி பீக்கர்."

போட்டேன். அண்ணி நாலு தடவை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஐந்தாவது தடவை பார்த்தார்.

"எல்லாரும் சர்க்கரையையே பார்த்துட்டு இருக்கீங்க. வினிகரை யாரும் பார்க்கலையா?"

"வினிகருக்கு என்ன அண்ணி? எரியணும்னு எரிஞ்சுது."

"எரியணும். ஆனா இப்படி எரியக் கூடாது. வினிகர்ல இருக்கற அமிலமும் சகப்பிணைப்புதான் தம்பி, பங்கு போட்டுக்கற கோஷ்டி. தண்ணில அதுல ஆயிரத்துக்கு நாலஞ்சு பேர்தான் உடைஞ்சு வெளியே வருவாங்க."

"கூட்டுக் குடும்பத்துல நாலு பேர் மட்டும் தனிக்குடித்தனம்?"

"அதேதான். நாலு பேர் தூக்குற கரண்ட்ல பல்பு மினுக்குனு எரியும். மங்கலா. நிழல் விழாது. இங்க பாரு, அவர் சட்டைப் பேனா மூணும் தெரியுது, அவ்வளவு வெளிச்சம். சர்க்கரைக்கு எவ்வளவோ அவ்வளவு வினிகருக்கும்." அண்ணி போனைத் தாளாளரிடம் திருப்பிக் கொடுத்தார். "அவர் எத்தனை வருஷமா இந்தப் பரிசோதனை காட்டுறார் சார்?"

"ஆறு வருஷமா. வருஷா வருஷம் எல்லா வகுப்புக்கும்."

"பிள்ளைங்களோட ரெக்கார்டு நோட்டு வேணும்."

தாளாளர் தன் அறைக்குப் போய் அனுப்பிவைத்தது நாற்பத்திரண்டு நோட்டுகள். ஒவ்வொன்றாகப் புரட்டுகிற புண்ணிய காரியம் எனக்குக் கிடைத்தது. பக்கம் பதினேழு, 'காண்பவை' என்ற கட்டம். வினிகர்: பல்பு பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் சரி அடையாளம். அடுத்தது: பளிச்சென்று எரிந்தது. சரி. அடுத்தது, அடுத்தது, அடுத்தது. எதிர்காலத்தில் நாட்டில் கண்ணால் பார்த்ததை எழுதுகிறவன் ஒருவன்கூட மிஞ்ச மாட்டான் என்று எனக்குக் கவலையே வந்துவிட்டது. முப்பத்தெட்டாவது நோட்டில் கை நின்றது.

"அண்ணி."

வினிகர்: பல்பு மிகவும் மங்கலாக எரிந்தது. அறையை இருட்டாக்கினால்தான் நன்றாகத் தெரிகிறது. அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே சிவப்பு மையில் ஆசிரியரின் எழுத்து: கவனக்குறைவு. திமிர். பூஜ்யம்.

நோட்டின் முகப்பைத் திருப்பினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில், இதே பள்ளி, ஆய்வக உதவியாளர்.

குடுவை கழுவும் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தது.

"போச்சு" என்றேன் மெதுவாக. "அண்ணி, நாம அந்த ஆளைக் காப்பாத்த வந்தோமா, மாட்டிவிட வந்தோமா? பொண்ணுக்குப் பூஜ்யம் போட்டதுக்குப் பழிவாங்க அப்பா ஏதோ பண்ணியிருக்கார். இது தாளாளர் கண்ணுல பட்டா நாலு மணி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்."

"படும். நாமளே காட்டப் போறோம்" என்றார் அண்ணி. "முதல்ல அந்தப் பொண்ணைப் பார்க்கணும்."

அவளை வகுப்பறை வராந்தாவில் பிடித்தோம். பதினாறு வயது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் பார்வை நேராக வந்து குத்தியது.

"வீட்டுல செஞ்சு பார்த்தேன். ஒம்போது வோல்ட் பேட்டரி, பொம்மைல இருந்த எல்.ஈ.டி., ரெண்டு பென்சில் முனை. உப்புக்கு நல்லா எரிஞ்சுது. சர்க்கரைக்கு எரியல. வினிகருக்கு மங்கலா எரிஞ்சுது. பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

"சார் என்ன சொன்னார்?"

"கிளாஸ்ல காட்டும்போது தூங்கிட்டியான்னு கேட்டார். லேப்ல ஒரு பீரியட் முழுக்க நிக்க வச்சார். எல்லார்கிட்டயும், இவளுக்குக் கண்ணு டாக்டரைக் காட்டணும்னார்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு நிக்கறது பிரச்சனை இல்ல. பிராக்டிகல் மார்க் அவர் கைல இருக்கு. 'பளிச்'னு திருத்தி எழுதினா மார்க் தர்றேன்னார். எழுத மாட்டேன்னுட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"திருத்தி எழுதிடும்மான்னார்."



மூன்றே முக்காலுக்கு அண்ணி ஆய்வகத்தில் தனியாக இருந்தார். நான் போனபோது சாக்குத் துணியால் எதையோ மூடிக்கொண்டிருந்தார். "தம்பி, நாலு மணிக்கு எல்லாரும் பளிச் சாரோட கையைப் பார்ப்பாங்க. நீ காலைப் பாரு."

"காலையா? அவர் காலைப் பார்த்து எனக்கு என்ன மோட்சமா கிடைக்கப் போகுது?"

"பேனாவைக் கீழ போட்டுட்டுத் தேடு. உனக்குத்தான் பொருளைத் தொலைக்கறது கைவந்த கலையாச்சே."

நாலு மணி. தாளாளர் முன் வரிசையில். லேப் அண்ணன் தொட்டியோரம். அண்ணி கேட்டுக்கொண்டதால் அவர் மகளும் வாசலருகே நின்றாள். பளிச் சார் மரமேடை மேல் ஏறி நின்றார்.

"சார், உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு இப்பவே நிரூபிச்சுடலாம்" என்று அண்ணி தேனாகப் பேசினார். "லேபிளால வந்த குழப்பம்தானே? லேபிளே வேண்டாம்." சாக்குத் துணியை விலக்கினார். லேபிள் இல்லாத மூன்று பீக்கர்கள். மூன்றிலும் தெளிந்த திரவம். "எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்க பல்பு கண்டுபிடிச்சு சொல்லட்டும்."

பளிச் சார் மூன்றையும் பார்த்தார். மோந்து பார்க்கக் குனிந்தார்.

"மூக்கு வேண்டாம் சார். கம்பி போதும்."

"இப்ப எதுக்குங்க இதெல்லாம்? நேத்தே..."

"செய்யுங்க சார், ரெண்டு நிமிஷ வேலை. நானும் பார்க்கறேன்" என்றார் தாளாளர்.

அவர் கம்பியை எடுத்தார். நான் பேனாவைக் கீழே போட்டேன்.

முதல் பீக்கர். கம்பிகள் உள்ளே போயின. அவர் ஒரு கணம் யோசித்தார். மரமேடை மேல் விரித்திருந்த ரப்பர் மிதியடியில் இடது செருப்பின் முனை மெல்ல அழுந்தியது. "பளிச்" என்றார், வழக்கத்தைவிடச் சன்னமாக. பல்பு எரிந்தது. இரண்டாவது பீக்கர். செருப்பு அசையவில்லை. "எரியாது." எரியவில்லை. மூன்றாவது. செருப்பு முனை ஆடியது, தயங்கியது, அழுந்தியது. "பளிச்!" எரிந்தது.

"ஆக, முதலாவது உப்பு, ரெண்டாவது சர்க்கரை, மூணாவது வினிகர்?" என்றார் அண்ணி.

"அ... ஆமா. சந்தேகமே இல்ல." அவருக்கு நெற்றி வியர்த்திருந்தாலும் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

"சார், ஒரு விரல் தொட்டு நாக்குல வைங்க" என்றார் அண்ணி தாளாளரிடம். "பயப்படாதீங்க. உங்க கேன்டீன் சொம்புல, கேன்டீன் தண்ணில, நானே கலக்கினது. லேப் சாமான் எதுவும் தொடல. ஊத்தின பீக்கர்கூட இப்பத்தான் கடைல வாங்கின புதுசு."

தாளாளர் மூன்றையும் தொட்டு வைத்துப் பார்த்தார். அவர் புருவம் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு படி ஏறியது. "என்னம்மா இது? மூணும் இனிக்குது!"

"மூணும் ஒரே சொம்புல கலக்கின சர்க்கரைத் தண்ணி. அதுல ரெண்டுக்கு எரிஞ்சுது, ஒன்னுக்கு எரியல. இந்தப் பல்பு தண்ணியைப் பார்த்து எரியல சார். ஆளைப் பார்த்து எரியுது."

நான் பேனாவோடு எழுந்து மிதியடியைத் தூக்கினேன். அடியில், பலகையில் குடைந்து பதித்த ஒரு அழைப்புமணி பொத்தான். அதிலிருந்து ஒயர் மேஜைக் காலுக்குள் ஏறி, சுவர் பிளக்கின் கரண்டைப் பல்புக்குக் கொண்டுபோனது. அண்ணி பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பேட்டரிக்குப் பதில் செத்துப்போன ஒரு கரப்பான்பூச்சி. ஆறு வருடமாக அயனிப் பிணைப்பை நிரூபித்துக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது.

"அதனாலதான் வினிகர் அவ்வளவு பிரகாசமா எரிஞ்சுது" என்றார் அண்ணி. "பொத்தானுக்கு எரியும், எரியாது, ரெண்டுதான் தெரியும். மங்கலா எரியறது எப்படின்னு தெரியாது. நேத்து லேபிள் சரியா இருந்தது. பீக்கர் நின்ன வரிசைதான் மாறியிருந்தது. சாருக்கு லேபிள் தெரியாத பக்கம். வரிசையை மனப்பாடம் பண்ணிக் காலை அமுக்கினார். மாட்டிக்கிட்டார்." பிறகு பக்கம் பதினேழைத் திறந்து தாளாளர் மடியில் வைத்தார். "உண்மையில எரியறதை எழுதின ஒரே பிள்ளைக்கு சார் குடுத்த மார்க்கையும் பாருங்க."

பளிச் சாருக்கு முழி பிதுங்கியது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிக்காரர். ஒரு நொடியில் நிமிர்ந்துவிட்டார்.

"இது சதி! என் காலடில பொத்தான் இருக்கறது எனக்கே இப்பத்தான் தெரியுது. பழைய மேஜை, பழைய ஒயர், கால் தற்செயலா பட்டிருக்கும்."

"அடேங்கப்பா, 'பளிச்'னு சொல்லும்போதெல்லாம் கரெக்டா தற்செயல்!" என்றேன்.

"நீ வாயை மூடுப்பா! நான்தான் வச்சேன்னு யார் சொன்னா? என்னை மாட்டிவிட எவனோ வச்சிருக்கான். யார் வச்சதுன்னு நிரூபிங்க பார்ப்போம்!"

தாளாளர் அண்ணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணி குனிந்து ஒயரைப் புரட்டிப் பார்த்தார். ஒயரில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லையே.

"சரி, அது எப்படியோ போகட்டும்" என்று தாளாளர் பெருமூச்சு விட்டார். விஷயத்தைப் பூசி மெழுகி வீட்டுக்குப் போகிற முடிவுக்கு அவர் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "லேபிளை மாத்தலைன்னு ஆயிடுச்சு. நீ போய் உன் வேலையைப் பாருய்யா. சார், நீங்களும் இனிமே ஜாக்கிரதையா..."

தொட்டியில் குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது.

"பொத்தானை நான்தான் வச்சேன்" என்றார் லேப் அண்ணன்.

அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் கம்பி துருப்பிடிச்சு பல்பு எரியல. பிள்ளைங்க சிரிச்சுட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே சார் என்னைக் கூப்பிட்டு, பலகையைக் குடைஞ்சு பொத்தான் வைக்கச் சொன்னார். கம்பியைத் தேய்ச்சுக் குடுத்தாப் போதும் சார்னு சொன்னேன். சொன்னதைச் செய்யுடான்னார். செஞ்சேன். மேஜைக் காலைத் துளைச்சது என் கைதான். நேத்து முதல் ரெண்டு பீக்கரையும் இடம் மாத்தி வச்சதும் நான்தான். லேபிளைத் தொடல. இடத்தை மட்டும் மாத்தினேன்."

"பார்த்தீங்களா! மாத்தினேன்னு அவனே ஒத்துக்கறான்!" என்று பளிச் சார் துள்ளினார். "முதல்ல அவனை அனுப்புங்க!"

"எதுக்காக சார்?" அண்ணியின் குரலில் இப்போது தேன் இல்லை. "நிஜமான பேட்டரி, நிஜமான கம்பியா இருந்தா பீக்கர் எந்த மூலைல இருந்தா என்ன? உப்பு எங்க வச்சாலும் எரியும். சர்க்கரை எங்க வச்சாலும் எரியாது. இடத்தை மாத்தினதுல அசிங்கப்பட்டது வேதியியல் இல்ல. நீங்க."

தாளாளர் அந்தச் சிவப்புப் பூஜ்யத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். "சார், சாவியெல்லாம் இங்கேயே வச்சுட்டு என் ரூமுக்கு வாங்க" என்று பளிச் சாரிடம் சொன்னார். லேப் அண்ணன் பக்கம் திரும்பியபோது அவர் குரல் கடுப்பாகத்தான் இருந்தது. "நாளைக்குக் காலைல வந்து அந்த ஒயரை நீயே பிடுங்கி எறி. புதுக் கம்பியும் பேட்டரியும் எழுதிக் குடு, வாங்கித் தர்றேன்."

"நாளைக்கு... நான் வரலாங்களா?"

"பின்ன, ஒயரைப் பிடுங்க நானா வருவேன்?"

லேப் அண்ணன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். மகள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"என்னை இங்க நிக்க வச்சப்போ நீ அந்தத் தொட்டிகிட்டதான்பா இருந்தே" என்றாள். "குடுவை கழுவிட்டு இருந்தே. நான் எழுதினது சரின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"ஏன்பா பேசல?"

"அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா வேலை போயிருக்கும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் இன்னும் ஈரம் காயாத கையைப் பிடித்தாள்.

"இன்னைக்குத் திறந்துட்டியே. போச்சா?"